ஒற்றை ஆரக்கிள் சீட்டு: எடுப்பதும் படிப்பதும்

ஆரக்கிள் சீட்டு என்பது, படம் போட்ட கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்தப் படத்தை வைத்து நம் கேள்வியைப் பார்க்கிற முறை. சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கும் முன் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி சரியாக அமையாவிட்டால், எத்தனை வருடப் பழக்கம் இருந்தாலும் வந்த சீட்டைப் படிக்க முடியாது. சீட்டு பேசவில்லை, குழப்புகிறது என்று சொல்பவர்களின் நோட்டைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே கேள்வியே எழுதப்பட்டிருக்காது. மனசில் ஒரு பாரம் மட்டும் இருந்திருக்கும்.

மதுரைப் பக்கம் பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம் வீட்டுக்கு வீடு தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எந்தப் பூ வந்தால் செய்வது, எது வந்தால் விடுவது என்று முதலிலேயே பேசி வைத்து, சாமி முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஆம், இல்லை என்ற கேள்விக்கு ஏற்ற முறை அது. உங்களுக்கு வேண்டியது அந்த விடை மட்டும்தான் என்றால் பூக்கட்டிப் பாருங்கள், சீட்டு வேண்டாம். ‘வேலையை விடலாமா?’ என்று கேட்டு எடுத்தால் கையில் ஆமைப் படம் வரும். ஆமை விடச் சொல்கிறதா, இருக்கச் சொல்கிறதா? இரண்டுக்கும் இழுக்கலாம். இழுக்கிற பக்கம் உங்கள் ஆசையின் பக்கமாகத்தான் இருக்கும்.

ஆகவே கேள்வியை ‘எது’, ‘எதை’, ‘எப்படி’, ‘எங்கிருந்து’ என்று திருப்புங்கள். ‘வேலையை விடலாமா’ என்பது ‘இந்த வேலையில் என்னை அதிகம் களைப்பாக்குவது எது’ என்று மாறும். ‘அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்’ என்பதை எடுக்கவே எடுக்காதீர்கள். அடுத்தவர் மனசுக்குள் நடப்பது உங்கள் கண்ணில் பட வழியில்லை, இந்த முறையோ முழுக்க உங்கள் கண்ணை நம்பி நடப்பது. ‘அவரிடம் பேசும்போது நான் எதை மறைக்கிறேன்’ என்று கேட்டால் விடை வரும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்குள். ‘கல்யாணமும் வீடும் எப்ப அமையும்’ என்று இரண்டைச் சேர்த்தால், வந்த படம் எதற்கு உரியது என்றே தெரியாமல் போகும்.

எந்தக் கட்டு

டாரட் என்ற குறிபார்க்கும் சீட்டுக்கட்டு வேறு, ஆரக்கிள் வேறு. டாரட்டில் 78 சீட்டு. 22 பெரிய சீட்டுகளும் 56 சிறிய சீட்டுகளுமாக அமைப்பு முன்பே தீர்மானமானது, பொருளும் ஓரளவு பொதுவானது. ஆரக்கிளுக்கு அப்படி எந்த இலக்கணமும் இல்லை. 44 சீட்டுக் கட்டுகள் நிறைய வருகின்றன. 30, 36, 52 என்றும் வரும். ஒரு கட்டில் ஆந்தை அறிவைக் குறிக்கும், இன்னொன்றில் காத்திருப்பதை. அதனால் மனப்பாடம் செய்து பயனில்லை. படத்தைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தால் எந்தக் கட்டும் கைவசப்படும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் ‘நம்பிக்கை’ என்று பெரிய எழுத்தும் பின்னால் கொஞ்சம் மேகமும் இருக்கிற கட்டு உதவாது. கண் நிற்க அதில் இடமே இல்லை. ஒரு படத்தில் குறைந்தது ஐந்தாறு பொருள்கள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது பாதியில் நிற்கிற காரியமாக இருந்தால் இன்னும் நல்லது. திறந்து கிடக்கும் கதவு, கட்டி முடிக்காத சுவர், கரையேறாத படகு.

நீங்களே ஒரு கட்டு செய்துகொள்ளலாம். பலருக்கு அதுதான் நன்றாகப் பேசுகிறது. 24 முதல் 30 படம் போதும். கைபேசியில் எடுத்த படங்களை 9 × 13 செ.மீ அளவில், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள கெட்டி அட்டையில் பிரிண்ட் போட்டு, மேட் லேமினேஷன் கொடுங்கள். பளபளக்கும் கிளாஸி போட்டால் வழுக்கும், விளக்கொளி பட்டுப் படமும் மறையும். பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், ஒரே வடிவமாக இருக்க வேண்டும். படம் எடுக்கும்போது அழகான காட்சியைத் தேட வேண்டாம், ஏதாவது நடந்துகொண்டிருப்பதை எடுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகு, தெப்பக்குளத்து மைய மண்டபம் தூரத்தில், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பாதி அவிழ்த்த மல்லிகை மூட்டை, தண்ணீர் இல்லாத வைகையில் ஒற்றையடிப் பாதை, செல்லூர்த் தறியில் அறுந்த இழை, சோழவந்தான் கொடிக்காலுக்குள் வெயில் விழும் இடம், ஆள் இல்லாத நாளின் வாடிவாசல். கட்டில் இதமான படங்கள் மட்டும் இருந்தால் அது உங்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒரு பங்காவது கொஞ்சம் உறுத்துகிற படமாக இருக்கட்டும்.

அட்டையைப் பாதுகாப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மூலை மடங்கிய சீட்டு எது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டு போயிற்று. முக்கியமாக, ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வெளிச் சீட்டுகளின் ஓரத்தில் வெட்டு விழுந்து, பின்பக்கமாகப் பார்த்தாலே அடையாளம் தெரியும். துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். விபூதி, குங்குமம், தலைக்கு வைத்த எண்ணெய் இருக்கும் கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஐப்பசி மழையில் அட்டை வளைந்தால் கனமான இரண்டு புத்தகத்துக்கு நடுவில் இரண்டு நாள் வைத்தால் நிமிரும். புதுக் கட்டில் வெட்டுவாய் ஒட்டியிருக்கும். முதல் நாள் ஒவ்வொன்றாகப் பிரித்து விடாவிட்டால் இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

எடுப்பது

பதினைந்து நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும். விடியற்காலையோ, விளக்கேற்றிய பிறகோ வசதி. மத்தியான வெயிலில் சோறு உண்டு கண் சொருகும் நேரத்தில் எடுத்தால் எல்லாப் படமும் ஓய்வு என்றே படும். ஃபேனை நிறுத்துங்கள், தரையில் பாயோ துண்டோ விரியுங்கள்.

பெரிய அட்டையை ரம்மிச் சீட்டுபோல வளைத்துக் கலைத்தால் நடுவில் மடிப்பு விழும். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் மாவு பிசைவதுபோல அரை நிமிடம் சுற்றிக் கலையுங்கள். திரட்டி அடுக்கி, மூன்றாகப் பிரித்து, நடுக் கட்டின் மேல் சீட்டை எடுங்கள். வேறு முறையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கலைக்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ‘கை எங்கே இழுக்கிறதோ அங்கே எடுப்பேன்’ என்றால், கொஞ்ச நாளில் கை பழகிய சீட்டைத் தேடத் தொடங்கும்.

கலைக்கும்போது தானாக ஒன்று தெறித்து விழுந்தால் அதுதான் விடை என்பவர்கள் உண்டு. பரப்பிக் கலைத்தால் அந்தப் பேச்சே இல்லை. கையில் வைத்துக் கலைப்பவர், விழுந்தது கணக்கா இல்லையா என்பதை முன்பே சொல்லி வைத்துக்கொள்ளட்டும். விழுந்த படம் பிடித்திருந்தால் கணக்கு, பிடிக்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. சீட்டு தலைகீழாக வந்தால் நேராகத் திருப்பிவிடுங்கள். பெரும்பாலான ஆரக்கிள் கட்டுகள் தலைகீழ்ப் பொருளை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

ஒன்றே ஒன்று. கட்டின் மீதியை உடனே டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். மதுரைக்கு ஒற்றை ஏட்டை எடுத்துப் பார்க்கும் பழக்கம் புதிதில்லை. சமணர்களோடு ஏட்டைத் தீயில் இட்டுப் பார்த்த அனல் வாதத்தின்போது திருஞானசம்பந்தர் தம் பதிக ஏட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுக்க, திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது என்றும், அது தீயில் வேகாமல் இருந்ததால் பச்சைப் பதிகம் ஆயிற்று என்றும் பெரிய புராணம் வழியாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். வந்த ஏடு எதுவோ அதையே தீயில் இட்டார். திருமுறையில் கயிறு சாத்தி, அதாவது மூடிய புத்தகத்துக்குள் கயிற்றைச் செருகிப் பக்கம் பார்ப்பவர்களும் இன்றைக்கு வரை வந்த பக்கத்தோடுதான் நிற்கிறார்கள்.

படிப்பது

சீட்டைத் திருப்பியதும் முதல் மூன்று நொடிக்குள் கண் எதில் போய் நின்றதோ அதை ஒரே வார்த்தையாக நோட்டில் எழுதுங்கள். அது படத்தின் நடுவில் இருக்க வேண்டியதில்லை. மூலையில் இருக்கும் பறவையின் காலாகவும் இருக்கலாம். ‘இது முக்கியமில்லையே’ என்று தோன்றினால் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த நிமிடம் மனசு அதை அழித்துவிட்டு, படத்தில் பெரிதாக இருப்பதை எடுத்துக்கொள்ளும்.

பிறகு இரண்டு நிமிடம், படத்தைப் பார்க்காத ஒருவருக்கு போனில் சொல்வதுபோல, இருப்பதை மட்டும் எழுதுங்கள். ‘சோகமான பெண்’ என்று எழுதக் கூடாது. ‘பெண், தலை குனிந்திருக்கிறாள், கையில் செம்பு, செம்பு சாய்ந்திருக்கிறது’ என்று எழுத வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், படிப்பது தப்பாகப் போவதும் பெரும்பாலும் இங்கேதான். சோகம் படத்தில் இல்லை, நாம் கொண்டு வந்தது. எழுதும்போது உடம்பைக் கவனியுங்கள்: எந்த வரியில் பேனா நின்றது, எதை எழுதும்போது வயிறு இறுகியது, எங்கே தோள் இறங்கியது. அந்த வரியின் கீழே கோடு போடுங்கள்.

முதல் வார்த்தையும் கோடு போட்ட வரியும் கையில் இருக்கின்றன. இப்போது கேள்விக்குத் திரும்பி, ‘என் விஷயத்தில் இது எது?’ என்று கேளுங்கள். கடைசியாக, கட்டோடு வரும் கையேட்டைத் திறந்து பாருங்கள். கையேடு ஏன் கடைசி என்பதற்குக் காரணம் உண்டு. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்களிடம், உன் குணத்தைக் கணித்து எழுதியது என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு 5க்குச் சராசரியாக 4க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். பொதுவாக எழுதிய வாக்கியம் யாருக்கும் பொருந்தும். கையேட்டை முதலில் படித்தால் ‘ஆமாம், எனக்கேதான் எழுதியிருக்கிறது’ என்று தோன்றி, கண் பார்த்தது காணாமல் போகும்.

ஒரு கேள்வியை முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். திருநகரில் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்து ஆரி ஒர்க்கும் செய்து கொடுக்கும் ஒரு பெண். பழங்காநத்தத்தில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வி: ‘கடை எடுக்கும் விஷயத்தில் நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது எது?’ வந்தது கிணறு. கல் கட்டிய வாய், மேலே கப்பி, விளிம்பில் சுருட்டி வைத்த கயிறு, தரையில் சாய்ந்து கிடக்கும் வாளி, ஓரத்தில் ஒரு காக்கை, கீழே ‘ஆழம்’ என்ற சொல்.

முதல் வார்த்தை: கயிறு. விவரிப்பில், ‘கிணற்றுக்குள் இருட்டு, தண்ணீர் தெரியவில்லை’ என்று எழுதும்போது வயிறு இறுகுகிறது. இரண்டையும் சேர்த்தால் கேள்வி தானாக எழும்: கயிறு எட்டுமா? தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாமல், கயிற்றின் நீளத்தையும் பார்க்காமல் வாளியை இறக்கப் போகிறார். அவர் விஷயத்தில் கயிறு என்பது, வருமானம் வரும் வரை தாக்குப்பிடிக்கும் கைக்காசு. அட்வான்ஸையும் வாடகையையும் கணக்குப் போட்டிருப்பார். கடைக்குக் கரண்ட் வணிகக் கட்டணத்தில் வரும் என்பதும், கூட ஒரு ஆள் வைத்தால் சம்பளம் முதல் மாதத்திலிருந்தே ஓடும் என்பதும் சேர்ந்திருக்காது. கையேடு ‘உள்மனத்தின் ஆழத்தில் இறங்குங்கள்’ என்கிறது. தப்பில்லை, ஆனால் அதை மட்டும் படித்திருந்தால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கணக்குப் போட்டிருக்க மாட்டார். அவர் நோட்டின் கடைசி வரி: ‘இன்று ராத்திரிக்குள் ஆறு மாதச் செலவை எழுதுவது, நாளை பக்கத்துக் கடைக்காரரிடம் வாடிக்கை நிலைக்க எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்பது.’

இதே கிணறு மேலூர்ப் பக்கம் ஒருவருக்கு வருகிறது. நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சு இல்லை. கேள்வி: ‘அண்ணனிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது?’ இவர் கண் கயிற்றில் நிற்கவில்லை, வாளியில் நின்றது. யாரோ தண்ணீர் எடுக்க வந்து, எடுக்காமல் போயிருக்கிறார்கள். ‘என் விஷயத்தில் இது எது’ என்று கேட்டதும் சொந்தப் பங்குக் கிணறே நினைவுக்கு வருகிறது. இருவரும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் கிணறு. தகராறுக்குப் பிறகு தம் முறைக்கு இவர் ஆள் அனுப்பிவிடுகிறார், தாம் போவதில்லை. பட்டாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சண்டை. தூர் வாருவதைப் பற்றி என்றால் இரண்டு பேருக்கும் பொதுவான காரியம். அடுத்த முறை நாளில் தானே கிணற்றடிக்குப் போவது என்று எழுதிக்கொள்கிறார்.

கிளி ஜோசியத்திலும் நடந்தது இதுதான். சீட்டில் இருக்கும் படம் மாறாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தையும் கவலையையும் பார்த்துத்தான் ஜோசியர் அதை விரிப்பார். (பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.) தனக்குத் தானே எடுப்பவர், கவலையைப் பார்ப்பது, படத்தை விரிப்பது என்ற இரண்டு வேலையையும் தாமே செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறோம்.

உள்ளுணர்வா, பயமா

இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். பழக்கத்தில் தெரிகிற வித்தியாசம் இது: உள்ளுணர்வு முதலில் வரும், சுருக்கமாக வரும், தனக்கு ஆதரவாக வாதாடாது. ‘கயிறு’ என்று சொல்லிவிட்டு நிற்கும். பயம் பின்னால் வந்து நீளமாகப் பேசும்: ‘கடை எடுத்தால் நஷ்டமாகும், அப்புறம் வீட்டில் என்ன சொல்வார்கள், ஏற்கனவே அந்தச் சீட்டுப் பணம்...’ ஆசையும் அப்படித்தான், அதன் பேச்சில் ‘எப்படியும்’, ‘கண்டிப்பாக’ என்ற சொற்கள் அடிக்கடி வரும். நோட்டில் மூன்று வரிக்கு மேல் ஒரே மூச்சில் ஓடியிருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதல் வார்த்தையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். சீட்டை மாற்ற வேண்டாம்.

பயமுறுத்தும் படம் வந்தால், அதில் அசையாமல் இருப்பது எது என்று தேடிப் பாருங்கள். புயல் படத்தில் வேர் இருக்கும், இடிந்த வீட்டில் வாசற்படி இருக்கும். படத்தை மழுப்புவதற்காகச் சொல்லவில்லை. பயந்த கண் படத்தின் பாதியைத்தான் பார்க்கும், மீதிப் பாதியையும் பார்த்தால்தான் படித்ததாக ஆகும்.

எது கெடுக்கிறது

பிடிக்கவில்லை என்று இன்னொன்று எடுப்பதுதான் முதல் கேடு. மூன்றாவது சீட்டுக்குள் வேண்டிய பதில் வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சீட்டையும் நீங்களே நம்ப மாட்டீர்கள். அதே கேள்விக்கு மறுபடி எடுக்க வேண்டுமானால் எழுதி வைத்த காரியத்தைச் செய்து முடித்திருக்க வேண்டும், அல்லது நிலைமை மாறியிருக்க வேண்டும். சண்டை போட்ட கையோடு எடுப்பதும் ஆகாது. எந்தப் படத்திலும் எதிராளியின் முகம்தான் தெரியும். ஒரு ராத்திரி கடக்கட்டும்.

ஒன்றுமே தோன்றாத நாளும் உண்டு. படம் படமாகவே கிடக்கும். வலுக்கட்டாயமாகப் பொருள் கட்டாதீர்கள். விவரிப்பை மட்டும் எழுதி, சீட்டைச் சாமி மாடத்திலோ மேஜையிலோ கண்ணில் படும்படி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும்போதோ, சிக்னலில் நிற்கும்போதோ படத்தின் ஒரு மூலை நினைவுக்கு வரும். அதுதான் உங்கள் முதல் வார்த்தை. மறுநாள் வரை வராவிட்டால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை என்று விட்டுவிடலாம்.

உடம்புக்கு என்ன, ஆபரேஷன் செய்யலாமா, கேஸ் ஜெயிக்குமா, எந்த இடத்தில் பணம் போடுவது என்பதையெல்லாம் சீட்டிடம் கேட்காதீர்கள். டாக்டரிடமும் வக்கீலிடமும் கேட்க வேண்டியது அவை. ‘டாக்டரிடம் கேட்கத் தயங்குவது எதை’ என்று வேண்டுமானால் எடுக்கலாம். எந்தச் சீட்டைப் பார்த்தாலும் வாழ வேண்டாம் என்றே தோன்றினால் கட்டை மூடி வைத்துவிட்டு, உதவி எண்களான 14416க்கோ 104க்கோ போன் செய்யுங்கள். எந்த நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நோட்டில் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் இருக்கட்டும்: தேதி, கேள்வி, சீட்டு, முதல் வார்த்தை, செய்யப்போகும் காரியம். காரியம் ஒரு நாளைக்குள் முடிகிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். ‘தைரியமாக இருப்பது’ காரியமில்லை. ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மாமாவுக்கு போன் செய்வது’ காரியம். அமாவாசைக்கு எடுத்ததைப் பௌர்ணமிக்கும், பௌர்ணமிக்கு எடுத்ததை அமாவாசைக்கும் திருப்பிப் பார்த்து, என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். பொருந்தாததையும் எழுதுங்கள், பொருந்தியதை மட்டும் குறித்து வைத்தால் நோட்டு பொய் சொல்லத் தொடங்கும்.

பன்னிரண்டு, பதினைந்து சீட்டு ஆன பிறகு முதல் வார்த்தைகளை மட்டும் தனித் தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். சீட்டுகள் வேறு வேறாக இருந்தும் கதவு, படி, கயிறு என்று ஏதோ ஒன்று மூன்று நான்கு முறை திரும்ப வந்திருக்கும். கதவு வந்த நாட்களில் கேள்வி எதைப் பற்றியது, பிறகு நடந்தது என்ன என்று சேர்த்துப் பார்த்தால், உங்களுக்குக் கதவு என்றால் என்ன என்பது தெரியும். ஒருவருக்கு அது கிளம்புவது, இன்னொருவருக்கு யாருக்காகவோ காத்திருப்பது. அதை அந்தத் தாளில் பென்சிலால் குறித்து, கட்டோடு அதே டப்பாவில் வையுங்கள். அடுத்த சீட்டுக்கு, கையேட்டைத் திறக்கும் முன் இந்தத் தாளைப் பாருங்கள்.